மாமியார் காலமாகிவிட்டார், பிள்ளைகளும் வெளியூர் போய்விட்டார்கள். 47 வயதில் நான் எதற்கு இருக்கிறேன்?

கேள்வி:

வணக்கம் மேடம். எனக்கு 47 வயது. கரூரில் இருக்கிறோம். 1999இல் பி.காம் முடித்து, ஒரு ஜவுளி ஏற்றுமதிக் கம்பெனியில் மூன்று வருடம் கணக்கு எழுதினேன். கல்யாணம் ஆனதும் வேலையை விட்டுவிட்டேன். கணவர் பஸ் பாடி கட்டும் பட்டறையில் சூப்பர்வைசர். மகள் சென்னையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். மகன் கோவையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறான்.

மாமியார் பக்கவாதம் வந்து எட்டு வருடம் படுக்கையில் இருந்தார். நான்தான் பார்த்துக்கொண்டேன். போன ஐப்பசியில் தவறிவிட்டார். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் “இனிமே உனக்கென்னம்மா, நிம்மதியா இருக்கலாம்” என்றார்கள். எனக்கு நிம்மதி வரவில்லை. காலை பத்து மணிக்கு மேல் என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருக்கிறேன். ராத்திரி மூன்று மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது. உடம்பெல்லாம் வேர்க்கிறது, அப்புறம் தூக்கம் இல்லை. பீரியட்ஸும் ஆறு மாதமாகத் தாறுமாறு.

இரண்டு மாதம் முன்னால் யாரிடமும் சொல்லாமல் ஒரு கடைக்கு அக்கவுண்டன்ட் வேலைக்கு இன்டர்வியூ போனேன். என் மகளைவிட நாலைந்து வயது பெரியவனாக இருப்பான், ஒரு பையன், “ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடத் தெரியுமா, டேலி பிரைம் தெரியுமா” என்று கேட்டான். வேர்த்துக் கொட்டியது, தொண்டை அடைத்துவிட்டது. தெரியாது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அன்றிலிருந்து பேங்குக்குத் தனியாகப் போகக்கூடப் பயமாக இருக்கிறது.

மகள் “ஏதாவது ஹாபி வெச்சுக்கோம்மா” என்கிறாள். கணவர் “நீ வேலைக்குப் போய்ச் சாப்பிடற நிலைமையிலயா இருக்கோம், உனக்கு என்ன குறை” என்கிறார். குறை ஒன்றும் இல்லைதான். ஆனால் எனக்கென்று எதுவுமே இல்லை, நான் எதற்கு இருக்கிறேன் என்றே தெரியவில்லை. தன்னம்பிக்கையை வளர்த்துக்கொள்ள என்ன செய்வது?

இன்னொன்று. அத்தைக்காகத் தினமும் சுகர், பிரஷர், மருந்து, சாப்பாடு எல்லாம் நோட்டில் எழுதி வைப்பேன். டாக்டர் அதைப் பார்த்துத்தான் மருந்து மாற்றுவார். அந்த நோட்டுகளைத் தூக்கிப்போட மனசே வரவில்லை. இது பைத்தியக்காரத்தனமா?

பெயர் வேண்டாம், கரூர்

பதில்:

அந்த நோட்டுகளைத் தூக்கிப்போட வேண்டாம் அம்மா. அதில் பைத்தியக்காரத்தனம் எதுவும் இல்லை. கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது.

தன்னம்பிக்கை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், அதற்கும் வருகிறேன். ஆனால் கடிதத்தைப் படித்து முடித்தபோது நீங்கள் எனக்குத் துக்கத்தில் இருப்பவராகத் தெரிந்தீர்கள். கூடவே, எட்டு வருடம் செய்த வேலையை ஒரே நாளில் இழந்தவராகவும் தெரிந்தீர்கள். இந்த இரண்டையும் இதுவரை யாரும் உங்களிடம் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

பக்கவாதம் வந்து படுத்தவரைப் பார்த்துக்கொள்வது எப்படிப்பட்டது என்று செய்தவர்களுக்குத்தான் தெரியும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லையென்றால் இடுப்பிலும் குதிகாலிலும் புண் வந்துவிடும். சாப்பாடு கொடுக்கும்போது தலையை உயர்த்தி வைக்க வேண்டும், அவசரப்பட்டால் புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். மடங்கிப்போன விரல்களை நீவிவிட வேண்டும். குழறலாக வரும் பேச்சில், தண்ணீர் கேட்கிறாரா, வலிக்கிறது என்கிறாரா என்று கண்டுபிடிக்க வேண்டும். கொஞ்ச காலம் போனால் அந்தப் பேச்சு வீட்டில் ஒருவருக்குத்தான் புரியும். உங்கள் வீட்டில் அது நீங்கள்தான். ஒரு மருத்துவர் உங்கள் கையெழுத்தைப் பார்த்து மருந்தை மாற்றினார் என்றால், அவருடைய தீர்மானத்தில் உங்களுக்கு ஒரு பங்கு இருந்தது.

போன ஐப்பசியில் அது எல்லாம் ஒரே நாளில் நின்றுவிட்டது. மனுஷியும் போனார், உங்கள் நாளின் ஒழுங்கும் போனது, ‘நான் இல்லையென்றால் நடக்காது’ என்ற இடமும் போனது. மாமியார் இறந்தால் அழுவதற்கு உரிமை உள்ளவள் மகள் என்றுதான் ஊர் கணக்கு வைத்திருக்கிறது. மருமகளுக்கு விடுதலை கிடைத்ததாக நினைத்து ஆறுதல் சொல்கிறார்கள். நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனால் அதைக் கேட்ட பிறகு ‘எனக்கு அத்தை இல்லாமல் இருக்க முடியவில்லை’ என்று நீங்கள் யாரிடம் போய்ச் சொல்வீர்கள்? அமெரிக்காவில் கென்னத் டோகா என்ற ஆய்வாளர் 1989இல் இப்படிச் சுற்றியிருப்பவர்கள் ஒத்துக்கொள்ளாத துக்கத்தைப் பற்றித் தனியாகவே எழுதினார். இந்தத் துக்கம் கரைய அதிக காலம் எடுக்கும். பேச இடம் இல்லாததால் சோர்வாகவும் பயமாகவும் ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்ற நினைப்பாகவும் அது வெளியே வரும்.

உங்கள் மனசுக்குள் அத்தையின் மேல் பாசம் மட்டும்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. எட்டு வருடத்தில் எரிச்சல் வந்திருக்கும். உங்கள் முப்பதுகளின் கடைசியும் நாற்பதுகளின் பாதியும் அந்த அறையிலேயே போய்விட்டதே என்ற கோபம் இருக்கலாம். அவர் போன அன்று ஒரு நொடி ‘அப்பாடா’ என்று தோன்றியிருக்கலாம், அதை நினைத்து இன்னும் குற்ற உணர்ச்சியில் இருக்கலாம். நீண்ட நாள் நோயாளியைப் பார்த்துக்கொண்டவர்கள் என்னிடம் வந்து அழும்போது பெரும்பாலும் அந்த ‘அப்பாடா’வைச் சொல்லித்தான் அழுகிறார்கள். அது துரோகம் இல்லை. களைத்துப்போன உடம்பு விட்ட மூச்சு.

ஐப்பசியில் வருஷ திதி வரும். அதற்கு முன்னால் ஒரு நாள் சாயங்காலம் கணவரோடு உட்கார்ந்து அத்தையைப் பற்றிப் பேசுங்கள். அந்த நோட்டுகளை எடுத்து வந்து அவரிடம் காட்டுங்கள். அவருக்கும் அம்மா இறந்திருக்கிறார். பட்டறைக்குப் போய் வருகிற மனிதருக்கு அழ நேரமோ இடமோ கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது. “உனக்கு என்ன குறை” என்று கேட்கிறவர் பல சமயம் தன்னுடைய குறையைச் சொல்லத் தெரியாதவராக இருப்பார்.

அடுத்தது உடம்பு. இதைத் தள்ளிப்போடாதீர்கள், இந்த வாரமே செய்யுங்கள். இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் மாதவிடாய் நின்றுபோகிறது. அதற்கு முந்தைய சில வருடங்களில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் ஏறி இறங்கும். திடீர் வேர்வை, நடுராத்திரி முழிப்பு, படபடப்பு, மறதி, காரணம் தெரியாத பயம், எல்லாம் அந்தக் காலத்தில் வரக்கூடியவை. மகப்பேறு மருத்துவரிடம் போய், மாதவிடாய் எப்படி மாறியது என்று தேதியோடு சொல்லுங்கள். உதிரப்போக்கு மிக அதிகமாக இருந்தாலோ, இடையிடையே வந்தாலோ அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தைராய்டுக்கு டிஎஸ்எச், ஹீமோகுளோபின், சர்க்கரை, பி12 ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். 2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. அது இன்னும் குறைந்தால் படி ஏறினாலே மூச்சு வாங்கும், எதையும் தொடங்கத் தோன்றாது. அதையும் நம் பெண்கள் ‘எனக்குத் தன்னம்பிக்கை இல்லை’ என்றே சொல்கிறார்கள்.

மூன்று மணி முழிப்பைப் பற்றி எனக்கு இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. ராத்திரியில் அத்தையைப் புரட்டிப் படுக்க வைக்க நீங்கள் எழுந்த நேரம் எது? அதுவும் மூன்று மணியாக இருந்தால், உங்கள் உடம்பு இன்னும் டியூட்டியில்தான் இருக்கிறது. முழிப்பு வந்தால் படுக்கையில் புரண்டு போராடாமல் எழுந்து வேறு அறையில் மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள், தூக்கம் வரும்போது திரும்பப் படுங்கள். போனை எடுக்காதீர்கள். முக்கியமாக, ‘நான் எதற்கு இருக்கிறேன்’ என்ற கேள்விக்கு அந்த நேரத்தில் பதில் தேடாதீர்கள். ராத்திரி மூன்று மணிக்கு அந்தக் கேள்விக்கு நல்ல பதில் கிடைத்ததாக யாரும் என்னிடம் சொன்னதில்லை.

அந்த வரியை நான் சாதாரணமாகவும் எடுத்துக்கொள்ள மாட்டேன். இரண்டு வாரத்துக்கு மேல், பெரும்பாலான நாட்களில், எதிலும் பிடிப்பில்லாமல் சாப்பாடும் தூக்கமும் கெட்டிருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை இருக்கிறது. கரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவில் காட்டலாம். ‘இருந்து என்ன பயன், போய்ச் சேர்ந்தால் நல்லது’ என்ற நினைப்பு ஒரு தடவை வந்திருந்தாலும் அன்றைக்கே 14416க்குப் பேசுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் எண் அது. எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. இந்த உதவியை எடுத்துக்கொண்டுதான் மற்றதைச் செய்ய வேண்டும்.

சரி, இப்போது இன்டர்வியூவுக்கு வருவோம்.

அந்தப் பையன் உங்களிடம் இரண்டு தகவல் கேட்டான். நீங்கள் உங்கள் 25 வருடத்தையும் சேர்த்து அவன் அளந்ததாக எடுத்துக்கொண்டீர்கள். நீங்கள் கணக்கெழுதிய காலத்தில் விற்பனை வரி இருந்தது, வெளிமாநிலச் சரக்குக்கு சி ஃபார்ம் கேட்டு அலைந்திருப்பீர்கள். 2007 ஜனவரியில் தமிழ்நாட்டில் வாட் என்ற மதிப்புக்கூட்டு வரி வந்தது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து, பெட்ரோல், மது போன்ற சிலதைத் தவிர மற்ற சரக்குகளுக்கு வாட்டும் போய்விட்டது. நீங்கள் வீட்டில் இருந்த காலத்தில் ஒரு வரிமுறை முழுசாக வந்தே போய்விட்டது. இது உங்களுக்குத் தெரியாமல் இருப்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. 2017இல் கரூரில் இருந்த ஒவ்வொரு கணக்கரும், ஆடிட்டர்கள் உட்பட, ஜிஎஸ்டியைப் புதிதாகத்தான் படித்தார்கள்.

மாறாதது என்ன என்று பாருங்கள். பற்று வரவு மாறவில்லை. நாளேட்டிலிருந்து பேரேட்டுக்குப் போவது, இருப்பாய்வு, வங்கி ஸ்டேட்மென்ட்டோடு ஒத்துப்பார்ப்பது, எல்லாம் நீங்கள் கல்லூரியில் படித்ததுதான், கம்பெனியில் செய்ததுதான். இப்போது டேலி போன்ற கணக்கு மென்பொருளில் ஒரு தடவை பதிந்தால் மற்ற இடங்களுக்கு அதுவே கொண்டுபோகிறது. ஜிஎஸ்டியில் ஒரு சாதாரணக் கடைக்குத் தேவைப்படுவது எவ்வளவு? மாதாமாதம் கணக்குத் தாக்கல் செய்கிறவர் என்றால், போன மாத விற்பனை விவரத்தை 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1இல் ஏற்ற வேண்டும், 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி போட்டு வரியைக் கட்ட வேண்டும். நமக்குச் சரக்கு விற்றவர்கள் ஏற்றியது 14ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-2பி என்ற பட்டியலில் வந்திருக்கும். அதை நம் கொள்முதல் பில்லோடு ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, எந்தப் பில்லுக்கு, வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வரிக்கழிவு கிடைக்கும், எது விட்டுப்போயிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அந்தச் சரிபார்ப்பில்தான் கடைக்காரர்கள் பணத்தை விடுகிறார்கள். பொறுமையும் ஒழுங்கும் இருக்கிறவர் அங்கே உட்கார வேண்டும். எட்டு வருடம் ஒரு நாள்கூட விடாமல் சர்க்கரையும் பிரஷரும் எழுதி வைத்தவரைவிட அதற்குப் பொருத்தமானவர் யார்?

47 வயதில் மண்டையில் ஏறுமா என்ற பயம் இருக்கும். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1956இல் வார்னர் ஷாய் என்ற உளவியலாளர் ஓர் ஆய்வைத் தொடங்கினார். ஆட்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பரிசோதித்த ஆய்வு அது. சட்டென்று செய்து முடிக்கும் வேகம் இளமையிலிருந்தே குறைகிறது. ஆனால் சொல்லறிவும், விஷயத்தைக் கோத்துப் பார்த்து முடிவுக்கு வரும் திறனும் நடுவயதில்தான் உச்சத்தில் இருக்கின்றன என்று அதில் தெரிந்தது. அதனால் டேலி வகுப்பில் பக்கத்தில் இருக்கும் 20 வயதுப் பெண் உங்களைவிட வேகமாகத் தட்டுவாள். பேலன்ஸ் இடித்தால் எங்கே இடிக்கிறது என்று நீங்கள் அவளுக்கு முன்னால் கண்டுபிடிப்பீர்கள். இரண்டுக்கும் தயாராக இருங்கள்.

தன்னம்பிக்கை வந்த பிறகு செய்யலாம் என்று காத்திருப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். அது அப்படி வருவதில்லை. ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர், ‘இது என்னால் முடியும்’ என்ற எண்ணம் ஒருவருக்கு எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்து 1977இல் நான்கு வழிகளைச் சொன்னார். தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, நம்பத்தகுந்த ஒருவர் ‘உன்னால் முடியும்’ என்று சொல்வது, அந்த நேரத்தில் உடம்பு இருக்கும் நிலை. இதில் முதலாவதுக்குத்தான் பலம் அதிகம். நீங்கள் அந்த இன்டர்வியூவுக்குப் போனபோது இந்த நான்கில் ஒன்றுகூட உங்கள் பக்கம் இல்லை. சமீபத்தில் கணக்கு எழுதிய அனுபவம் இல்லை. எதிரே இருந்தவன் உங்களைப் போன்றவன் இல்லை. யாரிடமும் சொல்லாமல் போனதால் தைரியம் சொல்ல ஆள் இல்லை. உடம்பு வேறு வேர்த்துக் கொட்டியது. ஹார்மோன் செய்ததையும் நீங்கள் பயம் என்றே படித்திருப்பீர்கள். அப்படியும் போனீர்களே, அதை நான் மதிக்கிறேன்.

தொடங்க வேண்டிய இடம் பேங்க். அது சின்ன விஷயம் என்பதால் அல்ல, பயம் அங்கேதான் பரவிக்கொண்டிருக்கிறது என்பதால். ஓர் இடத்துக்குப் பயந்து போகாமல் இருந்தால் அன்றைக்கு மனசு லேசாகும். அந்த நிம்மதியே ‘போகாமல் இருந்தது நல்லது’ என்று மூளைக்குக் கற்றுக்கொடுத்துவிடும். இன்று பேங்க், நாளை கரண்ட் ஆபீஸ், அப்புறம் உறவுக்காரர் கல்யாணம் என்று அது நீளும். அதனால் கூட்டம் குறைந்த ஒரு நேரத்தில் தனியாகப் போய்ப் பாஸ்புக்கில் என்ட்ரி மட்டும் போட்டுக்கொண்டு வாருங்கள். படபடப்பு வரும். வந்தால் வெளியே ஓடிவராமல் அங்கேயே நாற்காலியில் உட்காருங்கள். கொஞ்ச நேரத்தில் அது தானாக இறங்கும். அது இறங்குவதை உள்ளே இருந்து நீங்கள் பார்க்க வேண்டும், மருந்தே அதுதான். அடுத்த முறை கவுன்ட்டரில் ஏதாவது கேளுங்கள். அதற்கடுத்து, உங்கள் பெயரில் மட்டும் ஒரு சேமிப்புக் கணக்கு இல்லையென்றால் திறந்துவிடுங்கள். சம்பளம் வரும்போது அதில் வர வேண்டும்.

அதோடு சேர்த்து டேலி, ஜிஎஸ்டி வகுப்பில் சேருங்கள். கரூரில் தெருவுக்குத் தெரு இருக்கிறது, இரண்டு மூன்று மாதத்தில் முடித்துவிடலாம். பணம் கட்டுவதற்கு முன்னால், பாடம் மட்டுமா, நிஜ பில்களை வைத்துப் பதியவும் ரிட்டர்ன் தயார் செய்யவும் விடுகிறார்களா என்று கேளுங்கள். வகுப்பு முடிந்ததும் நேரடியாகக் கடைக்குப் போக வேண்டாம். கடையில் நீங்கள் ஒருவர்தான் கணக்கர், சந்தேகம் கேட்க ஆள் இருக்காது. ஓர் ஆடிட்டர் அலுவலகத்திலோ கணக்கெழுதிக் கொடுக்கும் ஆபீஸிலோ பகுதி நேரமாகச் சேருங்கள். பத்துத் தேதிக்கும் இருபது தேதிக்கும் நடுவில் அவர்களுக்கு ஆள் போதாது. வீட்டு உபயோகத் துணி, கொசுவலை, பஸ் பாடி என்று சின்னச் சின்ன நிறுவனங்கள் நிறைந்த ஊர் உங்களுடையது. அங்கே உங்கள் வயதுப் பெண்கள் யாராவது கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். சாதனையாளர்களின் கதையைவிட அவர்களைப் பார்ப்பது உங்களுக்கு அதிகம் உதவும். பயிற்சி என்று சொல்லி மாதக்கணக்கில் சம்பளம் இல்லாமல் வேலை வாங்க மட்டும் விடாதீர்கள். கொஞ்சமாக இருந்தாலும் கேட்டு வாங்குங்கள். பி.காம் பட்டம் இருப்பவர், மற்றவர்களுக்காக ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கும் ஜிஎஸ்டி பிராக்டிஷனராகப் பதிந்துகொள்ளவும் விதியில் இடம் இருக்கிறது. அது ஒரு வருடம் கழித்து யோசிக்க வேண்டியது.

மறுபடியும் ஓர் இன்டர்வியூவில் உட்காரும்போது, தெரியாததை மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிடாதீர்கள். “ஏற்றுமதிக் கம்பெனியில் மூன்று வருடம் கணக்கு பார்த்தேன். அப்புறம் வீட்டில் எட்டு வருடம் படுக்கையில் இருந்த மாமியாரைப் பார்த்துக்கொண்டேன். இப்போது டேலியும் ஜிஎஸ்டியும் படித்திருக்கிறேன்” என்று இடைவெளியை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். வீட்டில் இரண்டு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போங்கள்.

கணவரிடம் “நான் வேலைக்குப் போகட்டுமா” என்று கேட்டால் அவருக்கு ‘என் சம்பளம் போதவில்லை என்கிறாள்’ என்றுதான் காதில் விழும். அந்தத் தலைமுறை ஆண்களுக்கு அது ஆழமாகக் குத்துகிற இடம். அதனால் பணத்தில் தொடங்காதீர்கள். “அத்தை போனதிலிருந்து பகலெல்லாம் எனக்குத் தாங்க முடியலைங்க. நான் படிச்ச படிப்பை மறுபடியும் தொடப்போறேன், மூணு மாசம் வகுப்பு, சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்துடுவேன்” என்று சொல்லிப் பாருங்கள். காரணம், காலம், திரும்பி வரும் நேரம் மூன்றும் அதில் இருக்கின்றன. மறுத்தால் அன்றே வாதாட வேண்டாம். ஆனால் பேச்சை விட்டுவிடவும் வேண்டாம்.

‘எனக்கென்று எதுவுமே இல்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். நடுவயது நெருக்கடி என்ற சொல்லை 1965இல் எலியட் ஜாக்ஸ் என்ற உளப்பகுப்பாய்வாளர் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அவர் ஓவியர்கள், இசையமைப்பாளர்கள், எழுத்தாளர்கள் என்று கலைஞர்களின் வாழ்க்கையை வைத்துப் பேசினார். பத்து மணிக்கு மேல் வீட்டுக்குள் நடந்துகொண்டிருக்கும் ஒரு மருமகளுக்கு அது அவ்வளவாகப் பொருந்தாது. எரிக் எரிக்சன் என்ற உளவியலாளர் சொன்னது உங்களுக்கு நெருக்கமானது. நாற்பதுக்கு மேல் மனிதருக்குள் இருக்கும் பெரிய தேவை, தனக்குத் தெரிந்ததை அடுத்தவருக்குக் கைமாற்றுவது. அதற்கு வழியில்லாதபோது மனசு தேங்கிப்போகும் என்றார் அவர். உங்களிடம் கைமாற்ற இருக்கிறது. படுக்கைப்புண் வராமல் ஒருவரை எட்டு வருடம் வைத்திருக்கத் தெரியும் என்றால் அது சாதாரண அறிவு இல்லை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து வந்த பெண்கள்தான் தன்னார்வலர்களாக வீடு வீடாகப் போய்ச் சர்க்கரையும் பிரஷரும் பார்க்கிறார்கள். உங்கள் தெருவிலேயே புதிதாகப் பக்கவாதம் வந்த வீட்டில் ஒரு மருமகளோ மகளோ எப்படிப் புரட்டுவது என்று தெரியாமல் திண்டாடிக்கொண்டிருப்பாள். ஒரு மணி நேரம் போய்ச் சொல்லிக்கொடுத்துவிட்டு வரலாம்.

ஆனால் இதில் ஓர் எச்சரிக்கை, இதை அழுத்தியே சொல்கிறேன். சொல்லிக்கொடுப்பது வேறு, இன்னொரு நோயாளியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொள்வது வேறு. நீங்கள் ‘சும்மா’ இருப்பதாக உறவினர்களுக்குத் தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு, பிரசவத்துக்கு உதவிக்கு, சித்தப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வருவார்கள். உங்களுக்கும் அது இனிக்கும், ஏனென்றால் மறுபடியும் ஓர் இடம் கிடைக்கிறது. குறைந்தது ஒரு வருடத்துக்கு அப்படி முழுநேரமாக எதையும் ஏற்றுக்கொள்ள வேண்டாம். ஒரு நாள், இரண்டு நாள் என்றால் போங்கள். அதற்கு மேல் என்றால் “வகுப்பு இருக்கு” என்று சொல்லுங்கள். உங்கள் வாழ்க்கைக்கு என்ன அர்த்தம் என்ற கேள்விக்கு அதற்குள் பதில் வராமல் போகலாம், பரவாயில்லை. காலை பத்து மணிக்குப் போக ஓர் இடமும், உங்களை எதிர்பார்க்கும் இரண்டு பேரும், மாதக் கடைசியில் உங்கள் கணக்கில் விழும் ஒரு தொகையும் இருந்தால் அந்தக் கேள்வி வேறு மாதிரி கேட்கும்.

மகள் ஹாபி வைத்துக்கொள்ளச் சொல்வது அக்கறையில்தான். என்ன சொல்வதென்று அவளுக்கும் தெரியவில்லை. அவளுக்குப் போன் செய்து இன்டர்வியூவில் நடந்ததைச் சொல்லிவிடுங்கள். அவளும் வேலை தேடி நாலு இடத்தில் ஏறி இறங்கியிருப்பாள், உங்களுக்கு அன்று என்ன ஆனது என்று அவளுக்குச் சட்டென்று புரியும். அப்படியே, வகுப்பில் கற்றுக்கொண்டதை வீட்டில் போட்டுப் பார்க்க ஒரு பழைய லேப்டாப் வேண்டும் என்று கேளுங்கள். டேலியை வாங்காமலே பழகிப்பார்க்க எஜுகேஷன் மோட் என்று ஒன்று இருக்கிறது. தீபாவளிக்கு வரும்போது அதைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.